ஒன்பது மாதம், முந்நூறு அப்ளிகேஷன், இரண்டே போன்: வேலையை எங்கே தேடுவது?

தம்பி கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். பி.இ. மெக்கானிக்கல் முடித்து ஒன்பது மாதம் ஆகிறது, சி.ஜி.பி.ஏ. 7.1, இரண்டு அரியர் இருந்து கடைசி செமஸ்டரில் கிளியர் பண்ணியாயிற்று, ஊர் அருப்புக்கோட்டை பக்கம். நாக்ரி, லிங்க்ட்இன், இன்டீட் என்று தினமும் உட்கார்ந்து அப்ளை செய்து கணக்கு முந்நூறைத் தாண்டிவிட்டது. வந்த போன் இரண்டு, அதில் ஒன்று 3,500 ரூபாய் கட்டச் சொன்ன போன். வேலை தேடுவதற்கு உருப்படியான வழி என்ன, வீட்டில் புரட்டித் தருகிற பணத்தில் 45,000 ரூபாய் டிசைன் கோர்ஸ் சேரலாமா என்பதுதான் கேள்வி.

நான் பதினாறு வருடமாக அம்பத்தூரிலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் வாகன உதிரிபாகம் செய்கிற கம்பெனிகளில் ஹெச்.ஆர். வேலை பார்க்கிறவன். அதனால் ஃபேக்டரி வேலையைப் பற்றி மட்டும்தான் தைரியமாகப் பேச முடியும். ஐ.டி. பக்கம் போக நினைப்பவர்கள் அங்கே இருக்கிறவர்களைக் கேளுங்கள், அங்கே ஆள் எடுக்கிற விதமே வேறு.

முதலில் அந்த முந்நூறு அப்ளிகேஷனுக்கு என்ன ஆயிற்று என்று என் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். திங்கட்கிழமை காலை மீட்டிங். குவாலிட்டி மேனேஜர் சொல்கிறார், இரண்டாவது ஷிஃப்ட்டில் ஒரு பையன் நின்றுவிட்டான், பத்து நாளில் கஸ்டமர் ஆடிட் இருக்கிறது, உடனே ஆள் வேண்டும் என்று. நான் உடனே விளம்பரம் கொடுக்க மாட்டேன். அதே மீட்டிங்கில் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து, ‘தெரிந்த பையன் யாராவது இருக்கிறானா?’ என்று கேட்பேன். அன்று சாயங்காலத்துக்குள் லைன் சூப்பர்வைசர் ஒருவர் தன் ரூம்மேட்டின் தம்பி நம்பரைக் கொடுப்பார், ஸ்டோர்ஸில் இருக்கிறவர் இன்னொரு நம்பர் கொடுப்பார். அப்புறம், போன மாதம் இன்டர்வியூவுக்கு வந்து சுமாராகச் செய்த இரண்டு பேரின் நினைவு வரும், அவர்களுக்கு ஒரு போன். அதற்கும் சரிப்படவில்லை என்றால் என் டிராயரில் இருக்கிற ரெஸ்யூம்கள், கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுப் போனவை. அதற்கும் அப்புறம்தான் நாக்ரிக்குள் போய் நானே ஆள் தேடுவது. எல்லாம் கைவிட்ட பிறகு கடைசியாக விளம்பரம். விளம்பரம் போட்ட மறுநாள் காலை ஃபிரெஷர் போஸ்ட் ஒன்றுக்கு அறுநூறு எழுநூறு ரெஸ்யூம் வந்து கிடக்கும். மேலிருந்து திறந்துகொண்டே வருவேன், கூப்பிடுகிற மாதிரி எட்டுப் பேர் தேறியதும் நிறுத்திவிடுவேன். மிச்சத்தை யாரும் நிராகரிக்கவில்லை தம்பி, திறக்கவே இல்லை.

கம்பெனி கடைசியாகத் தட்டுகிற கதவில் நீங்கள் முதல் ஆளாகப் போய் ஒன்பது மாதம் நின்றிருக்கிறீர்கள். உங்களிடம் குறை என்று எனக்கு இதுவரை எதுவும் தெரியவில்லை. நிற்கிற இடத்தை மாற்ற வேண்டும்.

அப்படியென்றால் எல்லாம் சிபாரிசுதானா என்று உடனே கேட்பீர்கள். இல்லை, கொஞ்சம் பொறுங்கள். சூப்பர்வைசர் நம்பர் கொடுத்த பையனையும் நாங்கள் மேஜைக்கு முன்னால் உட்கார வைத்து, ஒரு வெர்னியரையும் (நுணுக்கமாக அளக்கிற கருவி) கடைசலில் செய்த ஒரு பின்னையும் கையில் கொடுத்து அளந்து சொல்லச் சொல்வோம். எங்கள் குவாலிட்டி மேனேஜர் வேறு எதுவும் கேட்பதற்கு முன்னால் இதைத்தான் செய்வார். லீஸ்ட் கவுன்ட், அதாவது அதில் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு, என்ன என்றால் ‘0.02 மில்லிமீட்டர் சார்’ என்று மனப்பாடமாக எல்லோரும் சொல்லிவிடுவார்கள், ஆனால் கையில் பிடிக்கும்போது பாதிப் பேருக்கு வெர்னியரின் தாடை பின்மேல் சாய்ந்து நிற்கும், ஜீரோ எரர் பார்க்கத் தோன்றாது. யார் சொல்லி வந்தாலும் அங்கே தடுமாறினால் அவ்வளவுதான். தெரிந்தவர் சொல்வது உங்களை அந்த நாற்காலி வரை கொண்டுவந்து விடும், அதற்கு மேல் உங்கள் கைதான் பேச வேண்டும்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அப்பாவோ மாமாவோ ஃபேக்டரியில் இருக்கிற வீட்டுப் பையனுக்கு ராத்திரி சாப்பாட்டுப் பேச்சிலேயே எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று காதில் விழுந்துவிடும். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிறவனுக்கு அந்த வசதி கிடையாது, இது நியாயமும் இல்லை. அதனால்தான் அந்தப் பேச்சு நடக்கிற இடத்துக்கு நீங்களாக நடந்து போக வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் இதற்கு ‘சொல்லி வைப்பது’ என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. பெண் பார்க்க, வீடு பார்க்க, மாடு வாங்க என்று எல்லாவற்றுக்கும் சொல்லி வைக்கிறோம். வேலைக்கும் சொல்லி வைத்திருப்பீர்கள், ஆனால் எப்படிச் சொன்னீர்கள்? ‘அண்ணே, ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்கண்ணே.’ இந்த ‘ஏதாவது’ இருக்கிறதே, அதுதான் கெடுக்கிறது. கேட்டவர் நல்ல மனுஷன், ‘சரிப்பா’ என்பார், இரண்டு நாளில் மறந்துவிடுவார், ஏனென்றால் நினைவில் பிடித்து வைக்க அதில் ஒன்றுமே இல்லை. ‘மூன்று லட்சத்துக்குள் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வேண்டும்’ என்று சொல்லிப் பாருங்கள், அவர் அடுத்த மாதம் வரை ரோட்டில் காரைப் பார்த்தாலே உங்களை நினைப்பார். வேலையையும் அப்படித்தான் சொல்ல வேண்டும். இதோ உங்களுக்கு இரண்டு பேட்ச் சீனியர் ஒருவருக்கு நான் அனுப்புவதாக இருந்தால்:

‘அண்ணா, நம் காலேஜ் மெக்கானிக்கல், உங்களுக்கு இரண்டு பேட்ச் ஜூனியர். குவாலிட்டியில் டிரெய்னி வேலை தேடுகிறேன். டிராயிங் படிக்க வரும், வெர்னியர், மைக்ரோமீட்டர், ஹைட் கேஜ் வைத்து அளப்பேன். அம்பத்தூர், திருமுடிவாக்கம், ஓரகடம், எங்கே என்றாலும் தங்கி வேலை பார்ப்பேன், ஷிஃப்ட்டுக்குத் தயார். உங்கள் கம்பெனியில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குவாலிட்டியில் இருக்கிற யாரிடம் பேசலாம் என்று ஒரு பெயர் சொன்னால் போதும் அண்ணா.’

கடைசி வரியைக் கவனியுங்கள். வேலை கேட்டால் அவர் கையில் இல்லை, அதனால் பதில் வராது. ஒரு பெயர் கேட்டால் யாரிடமும் இருக்கும். அந்தப் பெயரிடம் போய் இன்னொரு பெயர் வாங்கலாம்.

யாரிடமெல்லாம் சொல்லலாம் என்றால், நெருங்கிய நண்பர்களை விடுங்கள், அவர்களும் உங்களை மாதிரியே வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள், உங்களுக்குத் தெரிந்த அதே வேகன்சிதான் அவர்களுக்கும் தெரியும். இது என் அனுபவம் மட்டும் இல்லை. மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பாஸ்டனை ஒட்டிய நியூட்டன் என்ற ஊரில் வேலை மாறியவர்களைப் பிடித்து விசாரித்து 1973-ல் எழுதியிருக்கிறார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திப்பதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 17 பேர் கூட இல்லை, எப்போதாவது சந்திப்போம் என்றவர்கள் 55 பேருக்கு மேல், அபூர்வமாகத்தான் என்றவர்கள் 28 பேர் போல. லிங்க்ட்இன்னில் இரண்டு கோடிப் பேரை ஐந்து வருடம் கவனித்த ஆய்வு ஒன்று 2022-ல் வந்தது, அதிலும் ஏறக்குறைய இதே முடிவுதான், ஓரளவு மட்டும் தெரிந்தவர்கள்தான் அதிகம் உதவியிருக்கிறார்கள். காரணம் எளிது, நமக்குப் பாதி தெரிந்தவர் வேறு ஒரு வட்டத்தில் இருக்கிறார், நம் காதுக்கு வராத சேதி அவர் காதுக்கு வருகிறது.

ஆகவே ஒரு நோட்டை எடுத்து எழுதுங்கள். மூன்று பேட்ச் முன்னால் முடித்த சீனியர்கள், புராஜெக்ட் செய்யப் போன இடத்தில் பேசிய சூப்பர்வைசர், லேபில் இருந்த இன்ஸ்ட்ரக்டர் (ஹெச்.ஓ.டி.யை விட இவருக்கு வெளியே ஆள் அதிகம் தெரியும், நிறையப் பேர் ஃபேக்டரியிலிருந்து வந்தவர்கள்), ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஏற்கெனவே நாலு வருடம் வேலை பார்க்கிற ஊர்ப் பையன், கம்பெனி பஸ் ஓட்டுகிற சித்தப்பா. ஐ.டி.ஐ. பையனிடம் போய்க் கேட்பதா என்று ஒரு கூச்சம் வரும், அதை அருப்புக்கோட்டையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

எங்கள் கம்பெனியில் இன்று சீனியர் இன்ஜினியராக இருக்கிற ஒருவர் உள்ளே வந்த வழியைக் கேட்டால் சிரிப்பீர்கள். தெற்கத்திப் பையன், கொரட்டூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தான். தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருந்த அண்ணாச்சி அவன் ஊருக்குப் பக்கத்து ஊர். தினமும் பால் வாங்கப் போகிறபோது பேச்சு வந்து, எந்த வேலை, என்ன படிப்பு என்று அண்ணாச்சி தெளிவாகக் கேட்டு வைத்துக்கொண்டார். எங்கள் டூல் ரூம் ஃபோர்மேனுக்கு அதே கடையில் மாதக் கணக்கு. ஒரு சனிக்கிழமை கணக்கு முடிக்க வந்தவரிடம் அண்ணாச்சி விஷயத்தைச் சொல்லி, பையனின் ரெஸ்யூமை சாமான் லிஸ்ட்டோடு சேர்த்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். என் மேஜைக்கு வந்தபோது அதில் ஒரு ஓரத்தில் கடலை எண்ணெய்க் கறை இருந்தது.

சரி, அடுத்தது எதைத் தேடுவது என்பது. ‘மெக்கானிக்கல் வேலை’ என்று ஒரு வேலை கிடையாது. புரொடக்‌ஷன், குவாலிட்டி, மெயின்டனன்ஸ், டூல் ரூம், டிசைன், பர்சேஸ், பிளானிங் என்று தனித்தனி அறைகள், ஒவ்வொன்றுக்கும் வேறு ஆள் தேவை. ஒன்றை முதலாகவும் ஒன்றை இரண்டாவதாகவும் முடிவு செய்யுங்கள். ஃபிரெஷர்கள் எல்லோரும் டிசைன் என்பார்கள், ஏசி அறை, ஷிஃப்ட் கிடையாது. அதனாலேயே அங்கே கூட்டம் அதிகம், இடம் குறைவு. குவாலிட்டியிலும் மெயின்டனன்ஸிலும் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், உள்ளே நுழைய அது லேசு, இரண்டு வருடம் டிராயிங்கோடும் ரிஜெக்‌ஷனோடும் மல்லுக்கட்டியவன் பிறகு டிசைனுக்குப் போனால் அவன் வரைகிற படமே வேறு மாதிரி இருக்கும்.

இடத்தையும் சுருக்குங்கள். பெரிய கார் கம்பெனி வாசலில் லட்சம் பேர் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பாகம் கொடுப்பவர்கள், அந்தப் பாகக் கம்பெனிக்கு ஒரு சின்னப் பிராக்கெட்டோ புஷ்ஷோ செய்து கொடுப்பவர்கள், இவர்கள்தான் உங்கள் இலக்கு. 50 முதல் 300 பேர் வரை வேலை பார்க்கிற இடங்கள். இவர்களில் நிறையப் பேர் நாக்ரியில் பணம் கட்டுவதே இல்லை, அதனால் நீங்கள் ஒன்பது மாதம் திரையில் பார்த்ததில் இவர்கள் இருந்திருக்கவே மாட்டார்கள். 1960களில் தொடங்கிய அம்பத்தூர் எஸ்டேட் முழுக்க இப்படிப்பட்ட யூனிட்கள். திருமுடிவாக்கம், இருங்காட்டுக்கோட்டை, ஓரகடம், மறைமலைநகர் என்று சென்னையைச் சுற்றி வரலாம். சென்னைதான் வேண்டும் என்றும் இல்லை, பம்ப், காஸ்டிங் என்றால் கோயம்புத்தூர், வண்டி பாகம் என்றால் ஓசூர், ஃபேப்ரிகேஷன் என்றால் திருச்சி துவாக்குடி. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே அருப்புக்கோட்டை மில்களில் மெயின்டனன்ஸ் ஆள் எடுப்பார்கள், சம்பளம் கொஞ்சம் குறைவு, ஆனால் வீட்டிலிருந்து போய்வரலாம், அறை வாடகையைக் கழித்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வரும்.

நாற்பது கம்பெனி பெயரை எழுதிக்கொண்டு நேரில் போங்கள். கூகுள் மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்தாலே எஸ்டேட்டுக்குள் இருக்கிற யூனிட் பெயர்கள் பாதி தெரிந்துவிடும். செவ்வாய், புதன், வியாழன் நல்ல நாட்கள், காலை பத்தரைக்கு மேல் போங்கள். ஷிஃப்ட் மாறுகிற நேரத்திலும் மாதக் கடைசியிலும் போகாதீர்கள், மாதக் கடைசியில் டிஸ்பேட்ச் அவசரத்தில் யாருக்கும் உங்கள் முகம் கூடத் தெரியாது. கேட்டில் ‘ஆட்கள் தேவை’ போர்டு தொங்கினால் பெரும்பாலும் ஆபரேட்டருக்கு, ஆனாலும் நின்று படியுங்கள், ஆபரேட்டர் எடுக்கிற இடத்தில் ஆர்டர் வந்திருக்கிறது என்று அர்த்தம். செக்யூரிட்டியிடம் ‘வேலை இருக்கா’ என்று கேட்டால் ‘இல்ல’ என்றுதான் வரும், அவருக்கு அப்படிச் சொல்லித்தான் பழக்கம். ‘ஐயா, வணக்கம், குவாலிட்டி டிரெய்னிக்கு ரெஸ்யூம் கொடுக்க வந்தேன், ஹெச்.ஆர். பெயர் என்ன, உள்ளே கொடுக்க முடியுமா’ என்று கேளுங்கள். பெயர் கிடைத்தால் கவரில் பெயரை எழுதிக் கொடுங்கள், முடிந்தால் இன்டர்காமில் ஒரு நிமிடம் பேசக் கேளுங்கள். பத்து இடத்தில் எட்டு இடம் வாசலோடு சரி. மிச்சம் இரண்டு போதும், நாக்ரியில் முந்நூறுக்கு உங்களுக்கு என்ன கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இதை விடச் சுலபமான ஒரு வழியை யாரும் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு ஆச்சரியம். தொழில் கண்காட்சி. அம்பத்தூர் உற்பத்தியாளர் சங்கம் நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆக்மி என்று மெஷின் டூல் கண்காட்சி நடத்துகிறது, கோயம்புத்தூரில் கொடிசியா என்ற தொழில் சங்கம் நடத்துகிற இன்டெக் இருக்கிறது. கேட்டில் உங்களை நிறுத்துகிற அதே கம்பெனியின் முதலாளி அங்கே ஸ்டாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து யாராவது வந்து பேச மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார். மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் குறையும், அப்போது போய் மெஷினைப் பற்றி இரண்டு கேள்வி உருப்படியாகக் கேட்டுவிட்டு, பிறகு உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். முதலில் ரெஸ்யூமை நீட்டாதீர்கள்.

நாக்ரியை விட்டுவிடச் சொல்லவில்லை, ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் போதும் என்கிறேன். அதில் நீங்கள் அப்ளை செய்வதை விட நாங்கள் தேடும்போது கண்ணில் படுவதுதான் முக்கியம். நான் தேடும்போது என்ன அடிப்பேன்? ‘குவாலிட்டி, வெர்னியர், ஐஏடிஎஃப் 16949, 0–1 வருடம், சென்னை’ (ஐஏடிஎஃப் 16949 என்பது வாகனத் துறைக்கான தர நிர்வாகத் தரநிலை), அப்புறம் கடைசி பதினைந்து நாளில் உள்ளே வந்தவர்களை மட்டும் காட்டு என்று ஒரு டிக். இந்தச் சொற்கள் உங்கள் புரொஃபைலில் இல்லையென்றால், ஊர் என்ற இடத்தில் அருப்புக்கோட்டை மட்டும் போட்டிருந்தால், என் திரையில் நீங்கள் இல்லவே இல்லை. விரும்பும் இடத்தில் சென்னையைச் சேருங்கள், இரண்டு நாளைக்கு ஒரு முறை உள்ளே போய் ஏதாவது ஒரு வரியைத் திருத்திச் சேமியுங்கள். தெரியாததைத் தெரியும் என்று மட்டும் போடாதீர்கள், ‘சிஎம்எம் (பாகங்களைத் துல்லியமாக அளக்கிற மெஷின்) தெரியும்’ என்று போட்டுவிட்டு வந்த பையனை எங்கள் ஆள் நேராக மெஷின் முன்னாலேயே கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டார், பாவமாக இருந்தது.

ரெஸ்யூம் ஒரு பக்கம். ‘சவாலான சூழலில் பணிபுரிந்து நிறுவனத்தின் வளர்ச்சிக்கு’ என்று ஆங்கிலத்தில் ஆரம்பிக்கிற அந்த நோக்கத்தை அழியுங்கள், அது எல்லோரிடமும் ஒரே எழுத்துப் பிழையோடு இருக்கிறது. அப்பா பெயர், மதம், திருமணம் ஆனதா, கடைசியில் ‘மேற்கண்டவை உண்மை’ என்ற உறுதிமொழி, எதுவும் வேண்டாம். மேலே பெயர், நம்பர், அடுத்த வரியிலேயே என்ன வேலை தேடுகிறீர்கள், என்ன செய்யத் தெரியும். புராஜெக்ட்டைத் தலைப்போடு விட்டுவிடாதீர்கள், அதில் நீங்கள் கையால் என்ன செய்தீர்கள் என்று இரண்டு வரி. அரியரை யாரும் கேட்காமல் எழுத வேண்டாம், கேட்டால் மறைக்க வேண்டாம். பிடிஎஃப் ஆக அனுப்புங்கள், ஃபைலுக்கு உங்கள் பெயரையும் வேலையையும் வையுங்கள், ‘ரெஸ்யூம் நியூ ஃபைனல் 2’ என்று எனக்கு ஒரு நாளைக்கு இருபது வருகிறது.

அரசு வழிகளைப் பற்றி: வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்து வைத்திருங்கள், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். அதே துறை தனியார் வேலைகளுக்கு என்று ஒரு இணையதளம் நடத்துகிறது, மாவட்ட அலுவலகங்களில் வெள்ளிக்கிழமைகளில் சின்ன முகாம் நடக்கும், இரண்டுமே இலவசம். பெரிய முகாமை விடச் சின்ன முகாம் நல்லது, பெரியதில் வரிசையிலேயே பொழுது போய்விடும்.

அப்ரென்டிஸை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். பட்டதாரிகளுக்கான தேசியப் பயிற்சித் திட்டத்தின் இணையதளத்தில் பதிவு செய்தால் ஒரு வருடப் பயிற்சி, தென் மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. 2019 விதிகள் பட்டதாரிக்குக் குறைந்தது மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தன, அதில் பாதியை மத்திய அரசு தருகிறது, அதனால் கம்பெனிக்கும் ஆள் எடுக்க மனசு வரும். 9,000 ரூபாய்க்கா பி.இ. படித்தேன் என்று தோன்றும். ஆனால் வருடம் முடியும்போது அங்கேயே எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிட்டாலும், உங்கள் ரெஸ்யூமில் ஒரு வருடம் ஷாப் ஃப்ளோர் (மெஷின்கள் ஓடுகிற இடம்) அனுபவம் என்று ஏறிவிடும், நான் தேடுகிற ‘0–1 வருடம்’ பட்டியலில் மேலே வருவீர்கள். இன்னும் ஆறு மாதம் வீட்டில் இருப்பதை விட இது எவ்வளவோ மேல்.

அந்த 3,500 ரூபாய் போனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேலை கொடுக்கிறவன் உங்களிடம் பணம் கேட்டால், ரெஜிஸ்ட்ரேஷன், யூனிஃபார்ம், லேப்டாப் டெபாசிட், எந்தப் பெயரில் கேட்டாலும், போனை வையுங்கள். நல்ல கன்சல்டன்சி எங்களிடம்தான் காசு வாங்கும். டெலிகிராமில் ரிவியூ போட்டால் காசு என்பதும் இதே ரகம். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அடியுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை முடக்க வாய்ப்பு. ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுக்கட்டும்.

இன்னொரு சின்ன விஷயம், போன். தெரியாத நம்பர் என்று எடுக்காமல் விடுகிற ஃபிரெஷர்கள் எத்தனை பேர் தெரியுமா? நான் இரண்டு தடவை அடிப்பேன், மூன்றாவது தடவை அடுத்த பெயர். பஸ் ஸ்டாண்டில் இருந்தால் ‘சார், சத்தமாக இருக்கிறது, பத்து நிமிடத்தில் நானே கூப்பிடலாமா’ என்று கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். எந்தக் கம்பெனிக்கு எப்போது என்ன அனுப்பினீர்கள், யார் பெயர் என்று அந்த நோட்டிலேயே எழுதி வைத்தால், ‘எந்தக் கம்பெனி சார்?’ என்று கேட்க வேண்டி வராது. ஒரு வாரம் கழித்து ஒரு தடவை நினைவுபடுத்துங்கள், பதில் இல்லையென்றால் இன்னும் இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை, அதோடு விடுங்கள். இன்டர்வியூவில் தேறாவிட்டாலும் நன்றி சொல்லி ஒரு மெசேஜ் போடுங்கள், போன மாதம் வந்தவர்களுக்கு நான் போன் செய்வேன் என்று மேலே சொன்னேனே, அந்த ஆள் நீங்களாக இருக்கலாம்.

சம்பளம் பேசும்போது சி.டி.சி.யைக் (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) கேட்டு மயங்க வேண்டாம், கையில் எவ்வளவு வரும் என்று கேளுங்கள். மாதம் 18,000 மொத்தச் சம்பளம், அதில் பேசிக் 10,000 என்றால், பி.எஃப். 12 சதவீதம் 1,200 போகும், 21,000 வரை வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு என்பதால் 0.75 சதவீதம் 135 போகும், கையில் 16,665. கேன்டீன், பஸ் பிடித்தம் இருந்தால் அதையும் கேளுங்கள். கம்பெனி ரோலா (நேரடி வேலை), காண்ட்ராக்ட் ரோலா (காண்ட்ராக்டர் மூலம்) என்பதையும் அன்றே கேளுங்கள், காண்ட்ராக்ட் என்றாலும் முதல் வேலைக்குப் போகலாம், ஆனால் தெரிந்து போக வேண்டும். பி.எஃப். பிடிக்காத, சம்பளத்தை ரொக்கமாகத் தருகிற இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இருக்காதீர்கள், நாளைக்கு அந்த அனுபவத்தைக் காட்ட உங்களிடம் காகிதமே இருக்காது.

கடைசியாக அந்த 45,000 ரூபாய் கோர்ஸ். இப்போது வேண்டாம். ‘நூறு சதவீத பிளேஸ்மென்ட்’ என்று சொன்னார்களா? அப்படியென்றால் போன பேட்ச்சில் வேலைக்குப் போன மூன்று பேரின் நம்பர் கேளுங்கள், கொடுத்தால் அந்த மூன்று பேரிடமும் என்ன வேலை, எந்தக் கம்பெனி, கையில் எவ்வளவு என்று கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அங்கேயே தெரிந்துவிடும். அந்தப் பணத்தில் 15,000 எடுத்துக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறுங்கள், அம்பத்தூரிலோ பாடியிலோ நாலு பேர் பகிர்கிற ரூமில் ஒரு மாதம் தங்குங்கள், வாரத்துக்கு மூன்று நாள் எஸ்டேட், மிச்ச நாள் போனும் நோட்டும். வரும்போது ரெஸ்யூம் அறுபது பிரின்ட் எடுத்து வாருங்கள், எஸ்டேட் வாசல் ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்குக் கூடுதல் காசு வாங்குவார்கள்.